பெரிய ஜி, சின்ன ஜி

எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த மனிதர் எங்களையெல்லாம் உட்கார வைத்து, நாங்கள் எழுதும் நிரல்கள் பார்க்கச் சகிக்கவில்லை என்றார். தவறு இருக்கிறது என்று சொல்லவில்லை. பார்க்கச் சகிக்கவில்லை என்றார். ஒருவர் பெயர்களைப் பெரிய எழுத்தில் தொடங்குகிறார், இன்னொருவர் சின்ன எழுத்தில் தொடங்குகிறார், ஒருவர் நடுவில் கோடு போடுகிறார், இது ஆபீஸா சந்தைக்கடையா என்று கேட்டார். சென்னையில் பெரிய இடங்களில் வேலை பார்த்தவர். அவருடைய விசிட்டிங் கார்டில் ஆர்க்கிடெக்ட் என்று அச்சடித்திருக்கும். ஒரு செங்கல்கூட அவர் எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் அலுவலகம் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடியில் இருக்கிறது. கீழே தரிசனத்துக்கு வந்தவர்கள் மொட்டைத் தலையும் ஈரத் துண்டுமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். மேலே நாங்கள் லாரி எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருப்போம். எடைமேடையை எங்கள் பக்கம் காட்டா என்பார்கள். அரிசி ஆலை, குவாரி, மாங்கூழ் ஆலை என்று சித்தூர் ஜில்லா முழுக்க எங்கள் நிரல் ஓடும் காட்டாக்கள் உண்டு. நான் புத்தூரிலிருந்து தினமும் காலை ரயிலில் போகிறவள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட எங்கள் ஊருக்கு வந்து, கையில் மூங்கில் பத்தை கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, யாருக்கு எங்கே முறிந்திருக்கும் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். முறிவு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் ஆபீஸிலும் என் வேலை. மற்றவர்கள் எழுதிவிட்டுப் போன பழைய நிரல்களைப் பராமரிப்பது.

காட்டா நிரலை எழுதியவர் நான் சேர்வதற்கு முன்பே வேறெங்கோ போய்விட்டார். ஒரு பழைய மொழியில் எழுதியிருந்தார். அந்த மொழிக்கு ஒரு குணம்: ஆங்கில எழுத்து பெரிதா சிறிதா என்று அது பார்க்காது. ஒரு பெயரைப் பெரிய ஜியில் தொடங்கினாலும் சின்ன ஜியில் தொடங்கினாலும் இரண்டும் அதற்கு ஒரே பெயர்தான். தமிழும் தெலுங்கும் எழுதப் பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒன்றும் விசித்திரம் இல்லை. நம் எழுத்துக்குப் பெரியது சின்னது என்று இரண்டு உருவம் கிடையாது. க என்றால் க.

ஆனால் காட்டாவிலிருந்து எடையை வாங்கித் தருவது எங்கள் நிரல் அல்ல. எடைக்கருவியைச் செய்த கம்பெனி, நாங்கள் கூப்பிட்டுப் பயன்படுத்த ஒரு தயார் நிரல் தொகுப்பு, லைப்ரரி என்பார்கள், தருகிறது. அது சி மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழிக்குப் பெரிய ஜி வேறு, சின்ன ஜி வேறு. எங்கள் நிரல் அந்த லைப்ரரியிடம் பெயர் சொல்லி ஒரு வேலையைக் கேட்க வேண்டும். வீட்டுக்குள் எப்படிக் கூப்பிட்டாலும் சரி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும்போது அவர்கள் வைத்த பெயரை அவர்கள் எழுதியபடியே சொல்ல வேண்டும். அதற்கு அந்தப் பழைய மொழியிலேயே வழி உண்டு. வெளியே அனுப்ப வேண்டிய பெயரை மேற்கோள் குறிக்குள் தனியாக எழுதி வைத்துவிடலாம். குறிக்குள் இருப்பதை எந்தக் கருவியும் மாற்றாது. எழுதியவர் அதைச் செய்திருக்கவில்லை. எடையைக் கேட்கும் கெட்வெயிட் என்ற பெயரைப் பெரிய ஜி போட்டு, குறி இல்லாமல் நேராக அறிவித்துவிட்டுப் போயிருந்தார். அது பல வருஷம் ஒழுங்காக ஓடியது.

ஆர்க்கிடெக்ட் பெயர்களையெல்லாம் ஒரே மாதிரி ஆக்கப் போகிறார் என்று தெரிந்ததும் நான் அவரிடம் போய்ச் சொன்னேன். "சார், வெளி லைப்ரரிக்குப் போற பேரை மட்டும் முதல்ல கொட்டேஷன்ல போட்டுக்கிறேன். அதுக்கப்புறம் நீங்க மாத்துங்க."

அவர் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எதுக்கு?"

"உள்ள பெரிய எழுத்து சின்ன எழுத்து ஒண்ணுதான். வெளிய ஒண்ணு இல்ல."

"இங்க பாருங்க, எழுத்து பெருசா சின்னதாங்கிறது இந்த லாங்குவேஜ்ல மேட்டரே இல்ல. பேசிக்ஸ் படிச்சுட்டு வாங்க. காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலயா?"

நான் படித்த கல்லூரியின் பெயரைக் கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார். பாதி தெரிந்தவர்கள் மீதியைச் சிரிப்பால் நிரப்பிக்கொள்வார்கள். முதலாளி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் தெலுங்குக்காரர், எங்களோடு பேசும்போது தமிழும் தெலுங்கும் கலந்துகொள்வார். "சரேம்மா, ஆயன சூஸ்குண்டாரு" என்றார். அவர் பார்த்துக்கொள்வார் என்று அர்த்தம்.

அவர் பார்த்துக்கொண்டார். மாங்காய் சீசன் தொடங்குவதற்குச் சற்று முன்பு, நிரலுக்குள் நாங்கள் வைத்த பெயர்களையெல்லாம் சின்ன எழுத்தில் தொடங்கும்படி மாற்றி, புதிய பதிப்பு என்று எல்லாக் காட்டாக்களுக்கும் அனுப்பினார். அன்று ஆபீஸில் எல்லோருக்கும் பாதுஷா கொடுத்தார்கள்.

என் அக்காவைச் சித்தூரில் கொடுத்திருக்கிறோம். அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், ஊருக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஆலையில் காட்டா ஆபரேட்டர். எங்கள் நிரல்தான் அங்கேயும். சீசனில் ஆலை வாசலிலிருந்து மெயின் ரோடு வரை தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். வெயிலில் மாங்காய் சூடேறி அழுக ஆரம்பிக்கும். ஒவ்வொரு வண்டியும் மேடையில் ஏற வேண்டும், மாமா பொத்தானை அழுத்த வேண்டும், சீட்டு வர வேண்டும், வண்டி உள்ளே போக வேண்டும். தாமதமானால் ஹாரன் அடித்தே அவரைக் கொன்றுவிடுவார்கள். அதனால் வண்டி மேடையில் ஏறும்போதே அழுத்திவிடுவது அவர் பழக்கம். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆட்டம் நின்று எடை நிலைக்கும் வரை நிரல் காத்திருந்து, பிறகுதான் சீட்டு போடும். அப்படித்தான் அது செய்யப்பட்டிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் அக்கா ஆபீஸுக்கே போன் செய்தாள். "உங்க மாமாவ அடிச்சிட்டாங்கடி. சட்டையெல்லாம் கிழிச்சிட்டாங்க. எடை திருடுறாருன்னு சொல்றாங்க."

நடந்ததைப் பிறகு மாமா சொல்லிக் கேட்டேன். பழமநேர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா சொந்தத் தோட்டத்து மாங்காயை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கொழுந்தன் டிராக்டர் ஓட்டினார். அந்த அம்மா கீழே இறங்கி, வெளியே இருக்கும் சிவப்பு எண் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பலகையில் ஒரு எடை. சீட்டில் அதைவிடக் குறைவாக இன்னொரு எடை.

"இன்னாய்யா, வெளிய ஒண்ணு காட்டுது, உள்ள ஒண்ணு வருது. யாரு ஊட்டு மாங்கான்னு நினைச்சிக்கினு கீறே?"

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மெஷின் போடுவதைத்தான் கொடுக்கிறேன் என்றிருக்கிறார். வரிசையில் நின்ற மற்றவர்களும் அவரவர் சீட்டை எடுத்துப் பார்த்தார்கள். நேற்று வந்தவர்கள், முந்தா நாள் வந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். அவர் தமிழ்க்காரர், வெளியூர் வியாபாரிகளுக்கு ஆள், ஆலையோடு கூட்டு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கை வைத்தது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. ஆலை மேனேஜர் கூட்டத்தைச் சமாதானப்படுத்த எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். மாமாவை அங்கேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டதாக அறிவித்தார். கூட்டம் கலைந்தது. வேறொருவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே பொத்தானை அழுத்த ஆரம்பித்தார்.

ஆபீஸில் இதைப் பற்றி உடனே ஒரு மீட்டிங் போட்டார்கள். ஆர்க்கிடெக்ட் காரணத்தை ஏற்கனவே கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார். "ஆபரேட்டர் எரர். வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே அழுத்தியிருக்கான்."

"எப்பவும் அப்படித்தான் அழுத்துவாங்க சார். நிரல் காத்திருந்துதானே போடும்" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "அதனு மீ பாவ கதா?"

அவர் உங்கள் அக்கா புருஷன்தானே என்று கேட்கிறார். ஆமாம் என்றேன். அப்படியானால் நீ இதில் பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்றார். மரியாதை என்ற சொல்லை எங்கள் முதலாளி அடுத்தவர் வாயை மூடுவதற்கு மட்டுமே எடுப்பார். மீட்டிங் முடிந்தது. டீ வந்தது. ஆர்க்கிடெக்ட் தன் டீயில் சர்க்கரை அதிகம் என்று கடைப்பையனைத் திருப்பி அனுப்பினார்.

நான் என் இடத்துக்குப் போய் நிரலைத் திறந்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. அறிவிப்பு வரியில் பெரிய ஜி இருந்த இடத்தில் சின்ன ஜி உட்கார்ந்திருந்தது. அவர் அந்த வரியைத் தொடக்கூட இல்லை. அறிக்கை அச்சிடும் பக்கத்தில் ஏதோ ஒரு மாறிக்கு அதே பெயரைச் சின்ன ஜியில் வைத்திருக்கிறார். இரண்டும் ஒன்றுதானே என்று அந்தப் பழைய மொழியில் நிரல் எழுதும் எடிட்டர், கேட்காமலேயே உதவி செய்கிறவர்களைப் போல, நிரல் முழுக்க அந்தப் பெயரைச் சின்ன ஜிக்கு மாற்றிவிட்டது. வெளியே போகும் பெயரையும் சேர்த்து.

லைப்ரரியில் சின்ன ஜியில் அப்படி ஒரு பெயர் இல்லாமல் இருந்திருந்தால் முதல் வண்டியிலேயே நிரல் முரண்டு பிடித்து நின்றிருக்கும். அன்றைக்கே சரி செய்திருப்போம். நிற்கவில்லை என்றால் அந்தப் பெயரும் அங்கே இருக்கிறது. கருவிக் கம்பெனிக்குப் போன் போட்டேன். யாரோ ஒரு இளைஞர் எடுத்தார்.

"ரெண்டும் இருக்கு மேடம். பெரிய ஜி போட்டா எடை நின்ன பிறகு தரும். சின்ன ஜி போட்டா அந்த நிமிஷம் என்ன இருக்கோ அதைத் தரும்."

"எதுக்கு ஒரே பேர்ல ரெண்டு?"

"ஒரே பேரு இல்லயே மேடம். ஒண்ணு கேப்பிட்டல், ஒண்ணு ஸ்மால். அது நாங்க டெஸ்ட் பண்ண வச்சது. மேனுவல்ல போடல."

அவர் குரலில் துளி உறுத்தல் இல்லை. வீட்டில் உப்பையும் பூச்சி மருந்தையும் ஒரே மாதிரி டப்பாவில் வைத்துவிட்டு, மூடியின் நிறம் வேறு என்று சொல்கிறவர்களின் குரல் அது.

ஆர்க்கிடெக்டைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. காதோரம் சிவந்துவிட்டது. ஆனாலும் என்ன சொன்னார் தெரியுமா? "கம்பைல் ஆகுது, ரன் ஆகுது. நம்ம பக்கம் க்ளியர். இது வெண்டார் இஷ்யூ. அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டு விடுங்க."

"சித்தூர்ல அடி வாங்கினது மனுஷன் சார்."

"அதான் சொன்னாரே, நீங்க இதுல பேசக் கூடாதுன்னு."

அன்று அவரைப் பார்த்தபோது கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஆள் என்று ஒருவர் இருக்க வேண்டும்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுச் சித்தூருக்குப் பஸ் ஏறினேன். மாமா வீட்டுக்குள் இல்லை, கொல்லைப் பக்கம் உட்கார்ந்திருந்தார். உதடு வீங்கியிருந்தது. காரணத்தைச் சொன்னேன். ஆங்கில எழுத்தில் பெரிய ஜி எப்படி இருக்கும், சின்ன ஜி எப்படி இருக்கும் என்று விரலால் தரையில் எழுதிக் காட்டினேன்.

"இதுக்கா?" என்றார். ஆலைக்கு வரச் சொன்னபோது, "நான் வரல. நீ போ" என்றார்.

ஆலை மேனேஜர் முதலில் என்னை உள்ளேயே விடவில்லை. சீசன் நேரத்தில் காட்டா மேல் நாடகம் வேண்டாம் என்றார். அதற்குள் வாசலில் மறுபடியும் சத்தம். புதிய ஆபரேட்டரின் சீட்டிலும் எடை குறைகிறது என்று வேறொரு வண்டிக்காரர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆளை மாற்றியும் எடை மாறவில்லை என்பது மேனேஜருக்கு அப்போதுதான் உறைத்தது. "சீக்கிரம் பாரும்மா" என்றார்.

வரிசையில் பழமநேர் அம்மா இரண்டாவது லோடோடு வந்து நின்றிருந்தார். அவரையே கேட்டேன். "உங்க வண்டியை ரெண்டு தடவ ஏத்திக் காட்ட முடியுமாம்மா?"

"யாரு நீ?"

"அடி வாங்கினாரே, அவரு மச்சினிச்சி. இந்த மெஷினுக்கு எழுதுற ஆபீஸ்லதான் வேலை செய்றேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கொழுந்தனிடம், "ஏத்துடா, இன்னாதான் காட்றான்னு பாப்போம்" என்றார்.

டிரெய்லரின் பின்சக்கரம் மேடையில் ஏறியதும், மாங்காய்க் குவியல் இன்னும் குலுங்கிக்கொண்டிருக்கும்போதே, மேனேஜரையே பொத்தானை அழுத்தச் சொன்னேன். சீட்டு சடக்கென்று வந்துவிட்டது. வெளியே பலகையில் எண் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டும் சேரவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னேன். என் லேப்டாப்பிலிருந்து திருத்திய நிரலை ஏற்றினேன். திருத்தம் என்ன பெரிய திருத்தம். வெளியே போகும் பெயரைப் பெரிய ஜி போட்டு மேற்கோள் குறிக்குள் வைத்தேன், அவ்வளவுதான். வண்டி மறுபடி ஏறியது. அதே இடத்தில் மேனேஜர் அழுத்தினார். சீட்டு வரவில்லை. மாங்காய் குலுங்கி நிற்கும் வரை திரை காத்திருந்தது. பலகையில் எண் நின்ற பிறகு சீட்டு வந்தது. இரண்டும் ஒன்று.

மேனேஜர் நம்பாமல் அடுத்தடுத்த வண்டிகளுக்கும் தானே அழுத்திப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து சரியாகவே போட்டது. பிறகு சிரித்தார். "ஒரு எழுத்துக்கா இவ்ளோ கலாட்டா?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. "அப்போ என் போன லோடு?"

"அது கூழாயி டப்பால போயிடுச்சும்மா."

"போயிடுச்சுன்னா?"

மேனேஜர் போனை எடுத்து வராத அழைப்பு ஒன்றைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. தப்பு யாருது?"

"எங்க ஆபீஸோடது."

"இவன்ட்ட சொல்லி என்னா புண்ணியம். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு. டேய், போன்ல புடிடா."

கொழுந்தன் டிராக்டரிலிருந்து இறங்கி வந்து போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். வேலை போகலாம் என்பது தெரியும். போகட்டும் என்றெல்லாம் வீரமாக நினைக்கவில்லை, வீட்டில் என்ன சொல்வது என்றுதான் நினைத்தேன். புதிய பதிப்பு வந்த நாளிலிருந்து இன்று வரை இங்கே போட்ட சீட்டுகளை நம்ப முடியாது, தவறு மென்பொருளில், அதைச் செய்தது எங்கள் அலுவலகம், பொத்தானை அழுத்தியவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று முதலில் தமிழிலும் பிறகு தெலுங்கிலும் சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. அந்த அம்மா அதைத் திரும்ப எடுக்கச் சொல்லவில்லை.

நான் புத்தூர் போய்ச் சேர்வதற்குள் அந்த வீடியோ ஜில்லாவில் மாந்தோப்பு வைத்திருக்கும் எல்லோர் போனுக்கும் போய்விட்டது. ஆலை வாசலில் இரண்டு நாள் டிராக்டர்கள் குறுக்கே நின்றன. கடைசியில் ஆலை இறங்கி வந்தது. ஒவ்வொருவருடைய டிரெய்லரும் அடுத்த லோடில் என்ன எடை காட்டுகிறதோ, அதையே முன்பு இறக்கிய லோடுக்கும் வைத்துக்கொள்வது என்று ஒப்புக்கொண்டது. முழு நியாயம் இல்லை. ஆனால் சும்மா கிடைத்ததும் இல்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் தெலுங்கில் திட்டினார். வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் மற்ற காட்டாக்களை யார் சரி செய்வது? என்னை எடுக்கச் சொல்லி அவருக்கு யோசனை சொன்ன ஆர்க்கிடெக்டால் அந்த வேலையைச் செய்ய முடியாது. அடுத்த வாரம் முழுக்க நான் நிரலில் வெளியே போகும் பெயர் ஒவ்வொன்றையும் லைப்ரரியோடு ஒப்பிட்டுக் குறிக்குள் போட்டேன். ஆர்க்கிடெக்ட் அதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அவர் தலைமையில் வெளி லைப்ரரிகளோடு உள்ள இணைப்பு முன்கூட்டியே பலப்படுத்தப்பட்டதாக அதில் இருந்தது. முன்கூட்டியே என்ற சொல்லை நான் இரண்டு முறை படித்தேன். பிறகு அவர் ஒரு பொறியியல் கல்லூரியில் போய், பெயர் வைப்பதில் ஒழுக்கம் என்று உரையாற்றிவிட்டு, பொன்னாடையோடு எடுத்த போட்டோவை ஆபீஸ் குழுவில் போட்டார். எல்லோரும் கைதட்டும் படம் அனுப்பினார்கள். நான் அனுப்பவில்லை என்பதை அவர் கவனித்திருப்பார். கவனிக்கட்டும் என்றுதான் அனுப்பவில்லை.

மாமாவை ஆலை திரும்பக் கூப்பிட்டது. மேனேஜரே வீட்டுக்கு ஆள் அனுப்பினார். மாமா போகவில்லை. "எல்லாரும் பாக்க சட்டையைக் கிழிச்சாங்க. யாரும் பாக்காதப்போ கூப்புடுறாங்க" என்றார். இப்போது ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். அங்கே எடை போடும் வேலை இல்லை. அக்காவுக்குத்தான் அவர் விடிவதற்கு முன்பே கிளம்புவது கஷ்டம்.

பழமநேர் அம்மா மட்டும் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்கு வந்தார். அடித்தவர்களில் தன் ஊர்க்காரர்களும் இருந்தார்கள் என்று சொன்னாராம். யார் என்று மாமா கேட்கவில்லை, அந்த அம்மாவும் சொல்லவில்லை. ஒரு கூடை மாங்காயை இறக்கி வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். அந்தக் கதை முழுவதிலும் யாராவது ஒருவர் வந்து ஏதாவது சொன்னார் என்றால் அது அவர்தான். எங்கள் ஆபீஸிலிருந்து ஒருவரும் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஆர்க்கிடெக்ட் இன்னும் இருக்கிறார். மாடிப்படியில் எதிரே வந்தால் குட் மார்னிங் சொல்வார். நானும் சொல்கிறேன். போன வாரம் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். அவளை உட்கார வைத்து அவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் போனதும் அவள் என்னிடம் வந்து, "அக்கா, சார் சொன்னது எதுவுமே புரியல" என்றாள்.

"புரிய வேணாம்" என்றேன். அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, லைப்ரரியைத் திறந்தேன்.